அந்த ஒப்பந்தம் எங்க போச்சு? ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ ஆறு புத்தகங்களையும் வாசித்த பிறகு

‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ என்ற பெயரைச் சொன்னால் எங்கட வயசுக்காரர் ரெண்டு விதமாகச் சிரிப்பினம். வாசிச்ச ஆக்கள் வாசிக்காத மாதிரிச் சிரிப்பினம். வாசிக்காத ஆக்கள் எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சிரிப்பினம். உலகம் முழுக்க 150 மில்லியனுக்கு மேல் விற்ற, 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போன தொடர் இது. எங்கட கம்பஸில் வட்ஸ்அப் வழியாக பிடிஎஃப் ஆகக் கைமாறித் திரியுது. ஆனால் இதைப் பற்றி ஒரு பத்து நிமிசம் இருந்து கதைச்ச ஆரையும் நாங்கள் காணேல்லை. ‘குப்பை’ என்று ஒரு சொல்லு, இல்லாட்டி ஒரு நமுட்டுச் சிரிப்பு, அதோட கதை முடிஞ்சுது.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற ஐந்து பேர். நாலு பெட்டையள், ஒரு பெடியன். செமஸ்டர் லீவில் ஆறு புத்தகத்தையும் வரிசையாக வாசிச்சுப் பார்ப்பம் என்று தொடங்கினம். ஒரு கொப்பி போட்டு, ஒவ்வொரு படுக்கையறைக் காட்சிக்கும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதி வைச்சம்: இந்தக் காட்சியைத் தூக்கிவிட்டால் கதை மாறுமா? காட்சிகளை இங்கே விபரிக்கப் போறதில்லை. அதுக்குப் புத்தகம் இருக்கு. ஒரே சோடியை வைச்சு எழுதின ஒரு காமத் தொடர், புத்தகத்துக்குப் புத்தகம் எப்படி வேற ஒன்றாக மாறிப் போகுது என்பதைத்தான் எழுத விரும்புறம்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேணும். ஈ.எல். ஜேம்ஸ் இதை நாவலாகத் தொடங்கவில்லை. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவல்களின் பாத்திரங்களை வைச்சு ரசிகர்கள் இணையத்தில் எழுதுகிற புனைகதைகளில் ஒன்றாகத்தான் இது தொடங்கியது. அப்போது இதன் பெயர் ‘மாஸ்டர் ஒஃப் த யூனிவேர்ஸ்’. நாயகன் எட்வர்ட், நாயகி பெல்லா. பிறகு பெயர்கள் மாறி, 2011இல் அவுஸ்திரேலியாவின் ஒரு சின்னப் பதிப்பகம் மின்னூலாகவும் அச்சாகவும் வெளியிட்டது. 2012இல் வின்டேஜ் பதிப்பகம் வாங்கியதும் உலகமே வாசித்தது. முதல் மூன்று புத்தகங்களும் 2011க்கும் 2012க்கும் இடையில் வந்தவை. அதே கதையை நாயகன் வாயால் திரும்பச் சொல்கிற மூன்று புத்தகங்கள் 2015, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஆக, மொத்தம் பத்து வருசம்.

முதலாவது புத்தகத்தில் அனஸ்தேசியா ஸ்டீல் எங்களை மாதிரி ஒரு கலைப்பீட மாணவி. ஆங்கில இலக்கியம், கடைசி வருசம், 21 வயசு. அறைத் தோழிக்குக் காய்ச்சல் என்பதால், அவளுக்குப் பதிலாகக் கம்பஸ் பத்திரிகைக்குப் பேட்டி எடுக்கப் போகிறாள். அங்கேதான் சியாட்டில் நகரத்துப் பெரும் பணக்காரன் கிறிஸ்டியன் கிரேயைச் சந்திக்கிறாள். அவனுக்குக் காதல் தெரியாது. கட்டளை இடுகிறவன், கீழ்ப்படிகிறவள் என்ற உறவுதான் அவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறான்.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் எல்லாரும் பகிடி விடுறவை. நாங்களும் சிரிச்சம். ஆனால் முதல் புத்தகத்தின் உயிர் அதுக்குள்ளதான் இருக்கு. எத்தனை மணித்தியாலம் நித்திரை, என்ன உடுப்பு, கிழமையில் எத்தனை தரம் உடற்பயிற்சி, எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று வரி வரியாக எழுதியிருக்கு. அனா அதை வாங்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வரியாக மறுக்கிறாள். சாப்பாட்டுப் பட்டியல் எனக்கு வேண்டாம். உடற்பயிற்சி நாலு தரம் இல்லை, மூன்று. இது இது என்ர எல்லைக்கு வெளியில. ஒரு இரவுச் சாப்பாட்டு மேசையில் இருந்து ரெண்டு பேரும் பேரம் பேசுகிறார்கள். நிறுத்தச் சொல்ல ரெண்டு சொற்களும் இருக்கு. ‘மஞ்சள்’ என்றால் எல்லைக்குக் கிட்ட வந்துவிட்டேன், ‘சிவப்பு’ என்றால் உடனே நிறுத்து.

அந்த ஒப்பந்தம் நியாயமானது என்று நாங்கள் சொல்ல வரேல்லை. ஒரு பக்கம் ஹெலிகொப்டர் வைத்திருக்கிறவன், மறுபக்கம் பழைய ஃபோக்ஸ்வாகன் ஓடுகிறவள். இதில் என்ன சமமான பேரம்? ஆனாலும் ஒரு பெண் தனக்கு எது வேணும், எது வேண்டாம் என்று தன்ர வாயால் சொல்லி, அதை மற்ற ஆள் எழுதி வைக்கிற காட்சியை நாங்கள் வேற எந்தக் காதல் கதையிலும் வாசிக்கேல்லை. ரெண்டு பேரும் அனுப்புகிற மின்னஞ்சல்களும் அப்படித்தான். நேரில் தடுமாறுகிற அனா மின்னஞ்சலில் நக்கல் அடிக்கிறாள், கேள்வி கேட்கிறாள், மறுக்கிறாள். எழுத்தில்தான் அவளுக்குத் தைரியம் வருது.

முதல் புத்தகத்தின் முடிவில் அவள் கேட்டதன் பேரில், தண்டனை எவ்வளவு தூரம் போகும் என்று அவன் காட்டுகிறான். இடுப்புப் பட்டியால் ஆறு அடி. அவள் எண்ணுகிறாள். பிறகு லப்டொப், போன், கார் திறப்பு எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளிக்கிடுகிறாள். ஒப்பந்தம் கையெழுத்து இல்லாமலே கிடக்குது. எங்கட கொப்பியில் முதல் புத்தகத்தின் பெரும்பாலான காட்சிகளுக்கு எதிரே ‘தூக்கினால் கதை மாறும்’ என்றுதான் இருக்கு. ஒவ்வொரு காட்சியிலும் அவள் தன்னைப் பற்றி ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள். அந்தக் கடைசிக் காட்சியில் கண்டுபிடிச்சது, இது தனக்குச் சரிவராது என்பதை.

கதை அங்கேயே முடிஞ்சிருந்தால் இந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது.

ரெண்டாவது புத்தகம் தொடங்கி ஒரு கிழமை கூட ஆகேல்லை, ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்திடுவினம். இனி விதிகள் இல்லை, தண்டனை இல்லை என்கிறான் கிறிஸ்டியன். இந்தப் புத்தகத்தில் எங்களுக்கு ஆகவும் பிடிச்ச இடம் ஒன்று இருக்கு. சின்ன வயசில் சிகரெட்டால் சுட்ட தழும்புகள் அவன் நெஞ்சில் இருக்கின்றன. ஆரும் அங்கே தொடக் கூடாது. அனா ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்து, எது வரைக்கும் தொடலாம் என்று கேட்டுக் கேட்டு அவன் உடம்பில் கோடு போடுகிறாள். முதல் புத்தகத்தில் எல்லைகள் கடதாசியில் இருந்தன, அவளுடையவையாக இருந்தன. இங்கே எல்லை அவனுடையது, அவன் தோலிலேயே கீறப்படுது. எதை ஏற்கலாம் என்று ரெண்டு பேரும் கேட்டு அறிகிற கடைசி அழகான காட்சி அது. பிறகு அந்தக் கோடும் அழிஞ்சு போகுது.

அதே புத்தகத்தில்தான் மற்ற விசயங்களும் நடக்கின்றன. நண்பன் எடுத்த அனாவின் படங்கள் கண்காட்சிக்கு வந்தால், வேற ஆரும் பார்க்கக் கூடாது என்று ஏழையும் அவனே வாங்குகிறான். அவளுக்கு வேலை கிடைச்ச பதிப்பகத்தையும் வாங்குகிறான். அவளைப் பற்றி முன்னமே திரட்டின விபரக்கோவை ஒன்று அவனிடம் இருக்கு. ஒப்பந்தத்தில் இருந்த விதிகளை விட இவை பெரிய விதிகள். ஆனால் இவற்றை அவள் மேசையில் இருந்து பேரம் பேச ஏலாது, ஏனென்றால் இவை எங்கேயும் எழுதப்படவில்லை. இவற்றுக்கு ‘அன்பு’ என்று பேர் வந்திட்டுது.

மூன்றாவது புத்தகம் கலியாணத்தோட தொடங்குது. தேனிலவுக் கடற்கரையில் அவள் மேலாடை இல்லாமல் படுத்திருந்தாள் என்ற கோபத்தில், அவள் திரும்ப அப்படிச் செய்ய முடியாத மாதிரி வேணுமென்றே உடம்பில் அடையாளங்களை விடுகிறான். பிறகு பெயர்ச் சண்டை. அனா வேலைத்தளத்தில் ‘ஸ்டீல்’ என்ற தன் பெயரையே வைச்சிருக்கிறாள். ‘அனஸ்தேசியா கிரே’ என்று அவன் அனுப்பின மின்னஞ்சல் போய்ச் சேராமல் திரும்பி வருது. உடனே அவள் அலுவலகத்துக்கே வந்து நிற்கிறான். கடைசியில் அவள்தான் பெயரை மாற்றச் சம்மதிக்கிறாள். முதல் புத்தகத்தில் அவளுக்குத் தைரியம் கொடுத்த அதே மின்னஞ்சல், மூன்றாவதில் அவள் பெயர் தொலைகிற இடமாகுது. எழுத்தாளர் இதை யோசிச்சு எழுதினாரோ தெரியாது. எங்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மாதிரிப் போச்சு.

இந்த மூன்றாவது புத்தகத்தின் காட்சிகளுக்கு எதிரே கொப்பியில் ‘தூக்கலாம்’, ‘தூக்கலாம்’, ‘தூக்கலாம்’ என்றே வருது. ஒரு சண்டை, ஒரு சமாதானம், ஒரு காட்சி. ஒரு ஆபத்து, ஒரு தப்பிப்பு, ஒரு காட்சி. ஒரே சொற்கள், ஒரே மூச்சு வாங்கல். ஆனால் ஒன்றை மட்டும் தூக்க ஏலாது. அவன் ஊரில் இல்லாத நேரம், வீட்டில் இருப்பேன் என்று சொன்னதை மீறி அவள் தோழியோட வெளியில் போகிறாள். அந்தக் கோபத்தை அவன் படுக்கையறைக்குள் கொண்டு வருகிறான். அப்போது அவள் அழுதுகொண்டு ‘சிவப்பு’ என்கிறாள். பட்டியால் அடிச்ச அன்று கூடச் சொல்லாத சொல்லு. அவன் உடனே நிற்கிறான்.

அந்த இடத்தில் நாங்கள் கனநேரம் வாதாடினம். ஒப்பந்தம் போயிட்டுது, கோடு அழிஞ்சிட்டுது, பெயரும் போயிட்டுது. அந்த ஒரு சொல்லு மட்டும் முதல் புத்தகத்தில் இருந்து தப்பி, கலியாணத்துக்குள்ள வந்து சேர்ந்திருக்கு. மனைவி ஆன பிறகும் அதுக்கு வலு இருக்கு. மூன்றாவது புத்தகத்தை ‘வெறும் குப்பை’ என்று எறிய எங்களால் ஏலாமல் போனது இதனால்தான்.

ஏன் தொடர் இப்படித் திரும்பிச்சுது? ஒரு காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கு. ‘ட்வைலைட்’ நாலு புத்தகமும் 2005க்கும் 2008க்கும் இடையில் வந்தவை, கடைசிப் புத்தகத்தில் கலியாணமும் பிள்ளையும். அதன் நிழலில் தொடங்கின கதையும் அதே படலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மற்றக் காரணம் வடிவம் சம்பந்தப்பட்டது. காமக் கதைக்கு இழுவை வேணும்: கிடைக்குமா, கிடைக்காதா, செய்யலாமா, கூடாதா. ஒரே சோடி ஒன்றாகச் சேர்ந்த பிறகு அந்த இழுவை செத்துப் போகும். ஜூலியா குவின் ‘பிரிட்ஜெர்ட்டன்’ எட்டு நாவல்களையும் எட்டுச் சகோதரர்களுக்குப் பங்கு போட்டுத் தப்பினா. ஒவ்வொரு புத்தகத்துக்கும் புதுச் சோடி, புது ஏக்கம். ஜேம்ஸுக்கு அந்த வசதி இல்லை. அதனால் இழுவையை வெளியில் இருந்து கொண்டு வர வேண்டியதாகிறது: துவக்கோட வருகிற பழைய காதலி, விழுகிற ஹெலிகொப்டர், பழிவாங்க வருகிற பழைய மேலதிகாரி, ஆட்கடத்தல், 5 மில்லியன் டொலர் கப்பம். காமத் தொடர் மெல்ல மெல்லக் குடும்பத் தொடராகவும் மர்மத் தொடராகவும் மாறிப் போகுது. இரவு ஏழு மணிக்கு அம்மம்மாவோட இருந்து பார்க்கிற சீரியலுக்கும் இதுக்கும் தூரம் குறைஞ்சு கொண்டே வந்ததை வாசிக்க வாசிக்கக் கண்டம்.

இன்னொரு மாற்றமும் இருக்கு. முதல் புத்தகத்தில் அவன்ர விருப்பம் ஒரு விருப்பம். ‘எனக்கு இது பிடிக்கும், உனக்குப் பிடிக்குமா?’ என்ற கேள்வியாக அது வருது. ரெண்டாவதில் மனநல டொக்டர் வருகிறார், சின்ன வயசுக் காயங்கள் திறக்கின்றன, விருப்பம் ஒரு வருத்தமாகுது. மூன்றாவதில் அவள் அன்பு அதைச் சுகப்படுத்துது. ஒரு பெண் பொறுத்துக்கொண்டு கூட இருந்தால் ஆம்பிளை திருந்துவான் என்ற கதை இது. இதை வாசிக்க நாங்கள் சியாட்டில் வரைக்கும் போகத் தேவையில்லை. எங்கட அம்மாமார் ரமணிசந்திரன் நாவல்கள் வாசிச்சு வளர்ந்தவை. பணக்கார நாயகன், கோபக்கார நாயகன், கடைசியில் அந்தக் கோபத்துக்குள்ள இருந்த அன்பு தெரிய வருகிற நாயகி. அங்கே படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும், இங்கே திறந்திருக்கு. கதவைத் தவிர வீடு ஒன்றுதானோ என்று எங்களில் ஒருத்தி கேட்டாள்.

கடைசி மூன்று புத்தகங்களைப் பற்றி எங்கட பெடியனுக்கு வேற கருத்து. “அவன் ஏன் அப்பிடிச் செய்யுறான் எண்டு இதிலதான் விளங்குது. முழுக்கப் பயம். விட்டிட்டுப் போயிடுவாள் எண்ட பயம்” என்றான். உண்மைதான். கிறிஸ்டியனின் குரலில் கேட்கும்போது அந்தப் போன் தேடல்களுக்கும் கோபங்களுக்கும் பின்னால் நடுங்குகிற ஒருத்தன் தெரிகிறான். ஆனால் இவை ஏற்கெனவே நடந்த கதையின் மறுசொல்லல். உரையாடல்கள் பெரும்பாலும் அவையேதான். அவன் புதுசாக நினைக்கலாம், அவள் புதுசாக ஒன்றும் சொல்ல ஏலாது. தொடரின் பாதி, அவன் ஏன் அப்படி என்று விளக்கவே போயிட்டுது. ஒருத்தன்ர பயம் விளங்கினால் அவன் செய்தது சரியாகிடுமா? எங்கட பெடியன் “இல்லை” என்றான், கொஞ்சம் யோசிச்சுப் போட்டு.

இப்ப எங்கட மொழிக்கு வருவம். தமிழில் ‘சம்மதம்’ என்றால் முதலில் காதில் விழுகிறது கலியாணப் பேச்சுத்தான். “பொம்பிளைக்குச் சம்மதமோ?” என்று ஒருக்காக் கேட்பினம். அவள் தலையை ஆட்டினால், இல்லாட்டி ஆட்டாமல் இருந்தால் கூட, காரியம் முடிஞ்சுது. அந்த ஒரு சம்மதம் ஆயுளுக்கும் செல்லும். எங்கட ஊரில் கலியாணப் பதிவுக்கு ‘எழுத்து’ என்றுதான் பேர். “எழுத்து முடிஞ்சுது” என்றால் அதுக்குப் பிறகு கதைக்க ஒன்றும் இல்லை. அனாவின் கதையில் எழுத்து என்பது கதைக்கத் தொடங்குகிற இடம். வெட்டலாம், திருத்தலாம், கையெழுத்துப் போடாமலே எழும்பிப் போகலாம். எங்கட எழுத்து, கதை முடிகிற இடம். தொடர் அந்த முதலாவது எழுத்தில் இருந்து ரெண்டாவது எழுத்துக்கு நடந்து போகுது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி மனைவியை அவள் சம்மதம் இல்லாமல் புணர்வது வன்புணர்வாகக் கருதப்பட, அவள் நீதிமன்றத்தால் கணவனிடமிருந்து பிரிக்கப்பட்டவளாக இருக்க வேண்டும். ஒரே வீட்டில் வாழுகிற மனைவி சொல்லுகிற ‘சிவப்பு’க்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ஒரு பொழுதுபோக்குக் காம நாவலின் மூன்றாவது புத்தகத்தில் ஒரு மனைவி ஒரு சொல்லைச் சொல்கிறாள், கணவன் நிற்கிறான். அந்தச் சின்னக் காட்சி எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிசாகத் தெரிஞ்சது என்று இதைத் தேடி வாசிச்ச பிறகுதான் விளங்கினது.

கதைச்சுக் கொண்டிருக்கேக்க எங்களில் ஒருத்தி, தன்ர ஆள் எப்பவும் போனில் லொகேஷன் ஓன் பண்ணி வைக்கச் சொல்லுறவர் என்றாள். “அக்கறைதானே?” என்று எங்களிட்டயே கேட்டாள். முதல் புத்தகத்தில் கிறிஸ்டியனும் அவள் போனைத் தேடிப் பிடிச்சு, அவள் நண்பர்களோட குடிக்கப் போன இடத்துக்கு வந்து நிற்கிறான். வாசிக்கேக்க அது காதலாகத்தான் தெரியும், ஏனென்றால் அவள் அன்றைக்கு உண்மையாகவே இடரில் இருக்கிறாள், அவன் வந்தது உதவியாகிடுது. நாங்கள் அவளுக்குத் தீர்ப்புச் சொல்லேல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டம்: “நீ ஓஃப் பண்ணினா என்ன நடக்கும்?” அவள் மறுமொழி சொல்லேல்லை. அந்தக் கேள்வியைத் தன்ர போனில் எழுதி வைச்சாள்.

இந்தத் தொடரை வாசியுங்கோ என்றும் சொல்லமாட்டம், வாசிக்காதேங்கோ என்றும் சொல்லமாட்டம். எழுத்து நடை பல இடங்களில் அலுப்புத் தட்டும், மூன்றாவது புத்தகத்தில் பாதியைத் தாண்டிப் போகலாம். வாசிக்கிறதென்றால் ஒளிச்சு வாசிச்சுப் போட்டு அழிச்சு விடாமல், ரெண்டு பேராவது சேர்ந்து கதையுங்கோ. யார் எதை எழுதினம், யார் எதை அழிச்சம், எந்தச் சொல்லுக்கு மற்ற ஆள் நிற்பார் என்று. காதலிக்கிற வயசில் எங்களிட்டை ஆரும் இந்தக் கேள்விகளைக் கேட்கேல்லை. அம்மாமார் கேட்கேல்லை, பள்ளிக்கூடம் கேட்கேல்லை. ‘சிவப்பு’க்கு எங்கட பேச்சுத் தமிழில் ஒரு சொல்லு வேணும் என்று ஐந்து பேரும் யோசிச்சுப் பார்த்தம். “போதும்”, “விடு”, “வேண்டாம்” எல்லாம் இருக்கு. சொல்லுகள் குறைவில்லை. சொன்ன உடன நிற்கிற காதுகளைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்.